இல்லறத்தாருக்கு யோகம் கற்பித்த ஆசாரியர் ஹேமசந்திரர்

யோகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருடைய நினைவிற்கு வருவன ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியுமேயாகும். மந்திரம் என்றாலோ, எண்ணிக்கை குறையாமல் உருப்போட வேண்டியதோர் ஒலி என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். நம் இல்லங்களிலும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை விடியலில் ஓதுகிறோம். 108 மணிகள் உருள்கின்றன. பின்னர்க் கடைக்கோ அலுவலகத்திற்கோ புறப்பட்டு விடுகிறோம். ஓதிய மந்திரத்திற்கும் கடையில் நாம் பிடிக்கும் தராசிற்கும் தொடர்புண்டா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தொடர்பு உண்டு என்று மட்டுமல்ல, தராசிலிருந்துதான் யோகம் தொடங்குகிறது என்றே கற்பித்த பேராசான் ஒருவர், ஏறத்தாழ 850 ஆண்டுகட்கு முன்னர்க் குஜராத் நாட்டில் வாழ்ந்தார். அவரே கலிகால சர்வக்ஞர் என்று போற்றப்பெற்ற ஆசாரியர் ஹேமசந்திர சூரி ஆவார். அப்பெருமகனாரின் வாழ்வையும், யோகத்தையும் மந்திரத்தையும் இல்லறத்தாருக்குக் கற்பிக்கும் நெறியை அவர் கண்ட வரலாற்றையும் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் துறவும்

குஜராத்தில் தந்துகா என்னும் ஊரில், விக்கிரம ஆண்டு 1145, கார்த்திகைப் பௌர்ணமி நாளில் ஹேமசந்திரர் பிறந்தார். தந்தையார் சாசிகர், தாயார் பாஹிணி. மோட் வணிகர் குலத்தைச் சேர்ந்த அவர்கள் தம் மகனுக்கு இட்ட பெயர் சாங்கதேவன் என்பதாகும்.

ஒருநாள் தாயுடன் ஜிநாலயத்திற்குச் சென்ற சிறுவன், அங்கு எழுந்தருளியிருந்த தேவசந்திர சூரி என்னும் ஆசாரியரின் இருக்கையில் தானாகவே சென்று அமர்ந்தான் என்று பிரபந்த நூல்கள் கூறும். குழந்தையின் முகத்தில் தெரிந்த அறிவொளியைக் கண்ட ஆசாரியர், அவனை அறத்திற்கு அளிக்குமாறு தாயிடம் வேண்டினார். தந்தை வெளியூர் சென்றிருந்த நேரம் அது. தாய் பெருந்தயக்கத்திற்குப் பின் இசைந்தாள். ஊர் திரும்பிய சாசிகர், மகனைக் காணும் வரை உணவு கொள்வதில்லை என்ற உறுதியுடன் ஸ்தம்பதீர்த்தம் எனப்பட்ட கம்பாத் நகருக்கு விரைந்தார். அங்கு உதயனர் என்னும் சிராவக அமைச்சர் அவரை இல்லத்திற்கு அழைத்து உபசரித்து, மகனை அவர் மடியில் அமர்த்தி, பெரும் பொருளையும் முன்வைத்தார். மகனை விலைக்குக் கொடுக்க மனமில்லாத அத்தந்தை, பொருளைத் தொடாமல் மகனை மட்டும் அறத்திற்கு அளித்தார் என்பது மரபுச் செய்தி. பெற்றோர் இருவரின் உள்ளமும் எவ்வளவு நொந்திருக்கும் என்பதை நாம் உணர முடிகிறது. ஓர் ஆசானின் பெருவாழ்விற்குப் பின்னே பெயர் மறைந்த தியாகங்கள் நிற்கின்றன என்பதை மறத்தலாகாது.

துறவு ஏற்ற சிறுவனுக்குச் சோமசந்திரர் என்னும் பெயர் வழங்கப்பட்டது. தருக்கம், இலக்கணம், காவியம், ஆகமம் ஆகிய அனைத்தையும் அவர் விரைந்து கற்றுத் தேர்ந்தார். 21-ஆம் வயதிலேயே சூரி என்னும் ஆசாரியப் பட்டம் அவரை வந்தடைந்தது. அன்று முதல் அவர் ஹேமசந்திரர் ஆனார். அன்னையார் பாஹிணியும் பின்னர்த் துறவு மேற்கொண்டார் என்பர்.

அரசவையில் இலக்கண ஆசிரியர்

அக்காலத்தில் அணஹில்வாடப் பட்டணத்தை, அதாவது இன்றைய பாட்டண் நகரைத் தலைநகராகக் கொண்டு சோலங்கி மன்னர் சித்தராஜ ஜயசிம்மர் ஆண்டு வந்தார். அவர் சிவநெறியினர், ஆயினும் கல்வியைப் போற்றியவர். மாளவ நாட்டை வென்று திரும்பிய மன்னர், அங்கிருந்து கொணர்ந்த சுவடிகளுள் போஜராஜர் இயற்றிய இலக்கண நூலைக் கண்டார். தம் நாட்டிற்கென ஓர் இலக்கண நூல் இல்லையே என்ற குறை அவர் உள்ளத்தில் எழுந்தது. அக்குறையைத் தீர்க்கும் பணி ஹேமசந்திரரிடம் வந்தது. காசுமீரத்திலிருந்து பழைய இலக்கணச் சுவடிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்து அவர் இயற்றிய நூலே சித்தஹேம சப்தானுசாசனம். மன்னர் பெயரின் முற்பகுதியும் ஆசிரியர் பெயரின் முற்பகுதியும் இணைந்து அந்நூலின் பெயராயின. எட்டு அத்தியாயங்களுள் முதல் ஏழு வடமொழிக்கும், எட்டாவது பிராகிருத மொழிகட்கும் அபப்பிரம்ச மொழிக்கும் உரியவை.

யோகம் பற்றிய கட்டுரையில் இலக்கணத்திற்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். இலக்கணம் எழுதியவர் என்ற முறையில் ஹேமசந்திரர் பெற்ற ஒரு பயிற்சி, பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவியது என்பதே நம் கருத்து. கற்பவனுக்கு எதனை முதலில் சொல்வது, எதனைப் பின்னர்ச் சொல்வது என்னும் வரிசை முறையே அப்பயிற்சி. எழுத்தை அறியாதவனுக்குச் சொல்லைக் கற்பிக்க இயலாது. அதுபோலவே ஒழுக்கத்தில் நில்லாதவனுக்குத் தியானத்தைக் கற்பிக்க இயலாது என்பதை அவர் கண்டார்.

மறைந்து திரிந்த மன்னர்

சித்தராஜருக்கு ஆண்மகவு இல்லை. உறவினரான குமாரபாலர் அரியணைக்கு வருவதை அவர் விரும்பவில்லை. ஆகவே குமாரபாலர் உயிருக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் துறவி வேடத்திலும் ஏழை வேடத்திலும் ஊர் ஊராக அலைந்தார். ஒருமுறை கம்பாத் நகரில் காவலர் துரத்தி வந்தபோது, ஹேமசந்திரர் அவரைச் சுவடிக் குவியலின் கீழ் மறைத்துக் காத்தார் என்று மரபு கூறும்.

கி.பி. 1143-இல் சித்தராஜர் மறைந்தார். குமாரபாலர் அரியணை ஏறினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. இளமையை அச்சத்திலும் அலைச்சலிலும் கழித்தவர். முறையான கல்வி பெறும் வாய்ப்பு இல்லாதவர். இறைச்சியும் மதுவும் உண்டு பழகியவர். அரியணை ஏறிய பின்னரும் சாகம்பரி நாட்டு அர்ணோராஜர் மீதும் கொங்கண நாட்டு மல்லிகார்ஜுனர் மீதும் போர் தொடுத்தவர். இத்தகைய ஒருவர், போர்கள் ஓய்ந்த பின்னர், ஏறத்தாழத் தம் வயதினரான ஆசாரியரை அணுகி, யோகத்தைத் தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார்.

இவ்விடத்தில்தான் ஹேமசந்திரர் முன் பெரியதோர் வினா எழுந்திருக்க வேண்டும். அதுவரை யோக நூல்கள் பெரும்பாலும் துறவியர்க்கென எழுதப்பட்டவை. காட்டில் தனித்திருந்து உடலைத் துறந்தவர் பயில வேண்டிய உயர் தியானங்களை, படையும் கருவூலமும் அந்தப்புரமும் உடைய ஒரு மன்னருக்கு எவ்வாறு கற்பிப்பது? உயர்ந்தவற்றைக் கூறாமல் மறைத்தால் நாடி வந்தவரை ஏமாற்றுவதாகும். எடுத்த எடுப்பிலேயே கூறினால் அவை வெறும் வித்தையாகிவிடும். இவ்வினாவிற்கு அவர் அளித்த விடையே யோகசாஸ்திரம் என்னும் நூல். மன்னரின் வேண்டுகோளால் இந்நூலை இயற்றியதாக நூலின் இறுதியில் அவரே குறிப்பிட்டுள்ளார்.

அறமே முதற்படி

யோகசாஸ்திரம் பிரகாசம் எனப்படும் 12 இயல்களையும், ஆயிரம் அளவிலான சுலோகங்களையும் உடையது. இந்நூலுக்கு ஹேமசந்திரரே விரிவான உரையும் வகுத்தார். வீடுபேற்றிற்குக் காரணமாவது யோகம். அந்த யோகமாவது நன்ஞானம், நற்காட்சி, நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளே என்பது முதல் இயலிலேயே அவர் நிறுவும் இலக்கணம். இதனால் யோகம் என்பது உடற்பயிற்சி என்ற எண்ணம் தொடக்கத்திலேயே களையப்பட்டு விடுகிறது.

அதன் பின்னர் இல்லறத்தானுக்குரிய 35 பண்புகளை அவர் அடுக்குகிறார். அவற்றுள் முதலாவது, நேரிய வழியில் பொருள் ஈட்டுதல். பெற்றோரைப் போற்றுதல், வரவிற்கேற்பச் செலவிடுதல், தம்மைச் சார்ந்தோரைக் காத்தல், நன்றி மறவாமை, முன்னுண்டது செரியாதபோது உண்ணாமை என அப்பட்டியல் நீள்கிறது. தியானம் கற்க வந்த மன்னருக்கு, வரவு செலவையும் வயிற்றையும் பற்றி ஆசாரியர் முதலில் கூறினார் என்பது வியப்பைத் தருகிறது அன்றோ!

இரண்டாம் இயலும் மூன்றாம் இயலும் சிராவகரின் 12 விரதங்களை விரிக்கின்றன. நிலத்தையும் கால்நடையையும் பற்றிப் பொய் கூறுதல், பிறர் ஒப்படைத்த பொருளை மறுத்தல், பொய்ச்சாட்சி சொல்லுதல் முதலியன விலக்கப்படுகின்றன. காட்டை எரித்துக் கரி செய்தல், தந்தம், அரக்கு, நஞ்சு ஆகியவற்றை விற்றல், ஏரி குளங்களை வற்றச் செய்தல் போன்ற 15 தொழில்கள் சிராவகருக்கு ஆகாதவை என்கிறார். வணிகக் குலத்தில் பிறந்த ஆசாரியர், வணிகத்தில் எங்கெங்கே வினை ஒட்டுகிறது என்பதை நன்கு அறிந்திருந்தார். நான்காம் இயல் சினம், செருக்கு, மாயம், உலோபம் ஆகிய கஷாயங்களை வெல்லும் வழியையும், பன்னிரு அனுப்பிரேட்சைகளையும், எவ்வுயிரிடத்தும் நட்பு, சான்றோரைக் கண்டு மகிழ்தல், துன்புற்றோரிடம் இரக்கம், தீயோரிடம் நடுநிலை என்னும் நால்வகை உணர்வுகளையும் கூறும். சமநிலை இன்றித் தியானம் இல்லை. தியானம் இன்றிச் சமநிலையும் உறுதிப்படாது என்பது அவ்வியலின் சாரம்.

இந்நான்கு இயல்களிலேயே நூலின் ஏறத்தாழப் பாதி முடிந்து விடுகிறது. மந்திரம் இன்னும் தனியே வரவில்லை. மூன்றாம் இயலில், விடியலுக்கு முன் எழும் சிராவகன் ஐம்பரமேட்டிகளைப் போற்றி எழுக என்னும் அளவில் மட்டுமே அது தோன்றுகிறது.

ஆசனமும் மூச்சும்

நான்காம் இயலின் இறுதியில் பத்மாசனம், வீராசனம், வஜ்ராசனம், கோதோகிகை, காயோத்சர்க்கம் முதலிய ஆசனங்களைக் குறிப்பிடும் ஆசாரியர், எந்த ஆசனத்தில் அமர்ந்தால் ஒருவருடைய மனம் நிலைபெறுமோ அதுவே அவருக்கு உரியது என்று முடித்து விடுகிறார். முழங்கால் வலியுடைய முதியோர்க்கு இதனினும் ஆறுதலான விதி வேறு யாது வேண்டும்!

ஐந்தாம் இயல் மூச்சுப் பயிற்சி பற்றியது. நூலிலேயே மிக நீண்டது. பிராணாயாமத்தின் வகைகளையும், நாடிகளையும், அவற்றைக் கொண்டு வருவது அறியும் முறைகளையும் அக்கால வழக்கின்படி ஒன்றுவிடாமல் கூறுகிறார். ஆனால் எட்டே சுலோகங்கள் கொண்ட ஆறாம் இயலில், அனைத்தையும் கூறி முடித்த அதே ஆசாரியர், மூச்சை இழுத்தும் நிறுத்தியும் விடுத்தும் வருந்தும் உள்ளம் அமைதி பெறாது. அவ்வருத்தம் வீடுபேற்றிற்குத் தடையே ஆகும் என்று உரைக்கிறார். அறியாமையால் ஒன்றை விலக்கவில்லை. முற்றும் அறிந்த பின்னரே விலக்கினார். கற்பிப்போர்க்கு இருக்க வேண்டிய நேர்மை இது.

மந்திரத்தின் இடம்

ஏழாம் இயலில் பிண்டஸ்தம் என்னும் தியானமும், எட்டாம் இயலில் பதஸ்தம் என்னும் தியானமும் கூறப்படுகின்றன. எழுத்தையும் சொல்லையும் பற்றுக்கோடாகக் கொண்டு உள்ளத்தை நிறுத்துவதே பதஸ்தம். இதுவே மந்திர தியானம். உந்தியில் 16 இதழ்த் தாமரையில் உயிரெழுத்துகளையும், இதயத்தில் 24 இதழ்த் தாமரையில் மெய்யெழுத்துகளையும், வாயில் எட்டிதழ்த் தாமரையில் எஞ்சிய எட்டு எழுத்துகளையும் எண்ணுமாறு அவர் கற்பிக்கிறார். இலக்கண ஆசிரியரின் எழுத்துகள் இங்குத் தியானப் பொருள்களாக மலர்கின்றன. அர்ஹம் என்னும் மந்திரம் தனியிடம் பெறுகிறது. பஞ்ச நமஸ்காரத்திற்கு எட்டிதழ் வெண்டாமரை அமைக்கப்படுகிறது. நடுவில் அருகர் வணக்கம்; நான்கு திசை இதழ்களில் சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் ஆகியோரின் வணக்கம்; மூலை இதழ்கள் நான்கில் அம்மந்திரத்தின் பயன் கூறும் நான்கு பதங்கள். ஓதுவோர் ஒலியை மட்டும் செலுத்தாமல், ஒவ்வொரு பதத்தையும் அதற்குரிய இதழில் கண்டு நிறுத்த வேண்டும் என்பது கருத்து.

மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் தூய்மையுடன் 108 முறை இம்மந்திரத்தை எண்ணுபவர், உணவு கொண்டிருப்பினும் ஒருநாள் உண்ணாநோன்பின் பயனை எய்துவர் என்று அவர் கூறுகிறார். ஆனால் இதற்குள் அடங்கியுள்ள நிபந்தனையை நாம் எளிதில் மறந்து விடுகிறோம். எண்ணிக்கைக்கு முன்னர் வருவது முத்தூய்மை. அது எங்கிருந்து வரும்? முதல் நான்கு இயல்களிலிருந்தே வரும். பல வகை மந்திரங்களையும் விளக்கிய பின்னர், எதனை நினைப்பினும் பற்று நீங்கியவனாக நினைப்பதே தியானம். மற்றவை யாவும் நூல் விரிவே என்னும் பொருள்பட அவர் முடிப்பது எண்ணி எண்ணி மகிழத் தக்கது.

இக்கருத்துகள் பலவற்றைத் திகம்பர ஆசாரியர் சுபசந்திரர் அருளிய ஞானார்ணவத்திலும் காணலாம். சுவேதாம்பரரும் திகம்பரரும் தியான நெறியில் எவ்வளவு நெருங்கியவர்கள் என்பதற்கு இவ்விரு நூல்களே சான்றாகும்.

பன்னிரண்டாம் இயலில், ஆகமத்தாலும் குருவாலும் அறிந்தவற்றை இதுவரை கூறியதாகவும், இனித் தம் அனுபவத்தால் கண்டதைக் கூறுவதாகவும் ஆசாரியர் அறிவிக்கிறார். மதங்கொண்ட யானையைத் தடுக்கத் தடுக்க அது மேலும் சீறும். அதுபோல மனத்தையும் வலிந்து அடக்க முயலாமல், பற்றின்றி நோக்கியிருந்தால் அது தானே ஓயும் என்பது அவருடைய அனுபவ மொழி.

நாட்டில் கண்ட மாற்றம்

குமாரபாலர் இறைச்சியையும் மதுவையும் துறந்து, சிராவக விரதங்களை ஏற்றார். யோகசாஸ்திரத்தின் 12 இயல்களையும், ஆசாரியரே இயற்றிய வீதராக தோத்திரத்தின் 20 பகுதிகளையும் நாள்தோறும் ஓதிய பின்னரே அவர் உணவு கொண்டார் என்பர். முன்னர் இறைச்சி உண்ட 32 பற்களும் இந்த 32 பகுதிகளால் தூய்மை பெற்றன என்று மரபு அழகுறக் கூறும்.

அம்மாற்றம் அரண்மனையோடு நிற்கவில்லை. விற்பதற்காக ஆடுகளை இழுத்துச் சென்ற ஒருவனைக் கண்டு மன்னர் உள்ளம் வருந்திக் கொல்லாமை ஆணை பிறப்பித்ததை ஹேமசந்திரர் தம் துவயாசிரய காவியத்தில் பாடியுள்ளார். நள்ளிரவில் ஒரு பெண்ணின் அழுகுரல் கேட்டு மன்னர் சென்றதையும் அக்காவியம் கூறும். கணவனையும் மகனையும் இழந்த அவள், தன் உடைமையை அரசு எடுத்துக்கொள்ளும் என்பதால் உயிர்விடத் துணிந்திருந்தாள். ஆண் வாரிசின்றி இறந்தோர் சொத்து கருவூலத்தைச் சேர்வது அக்கால வழக்கம். பெருவருவாய் தந்த அவ்வழக்கத்தை மன்னர் ஒழித்தார். நேரிய வழியில் பொருள் ஈட்டுக என்னும் முதற்பாடம் இங்கு ஒரு கைம்பெண்ணின் கண்ணீரைத் துடைத்தது. யோகம் பலித்தது என்பதற்கு இதனினும் சிறந்த அடையாளம் நமக்குத் தெரியவில்லை.

எனினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. கொல்லாமை ஆணை சில வேளைகளில் கடுமையாகவும் நடைபெற்றது. ஒரு பேனைக் கொன்ற வணிகனின் சொத்து முழுவதும் பறிக்கப்பட்டு, அதனைக் கொண்டு ஓர் ஆலயம் எழுப்பப்பட்டது என்று பிரபந்த நூலே கூறுகிறது. அன்பை ஆணையால் விளைவிக்க முயன்றால் அச்சமே விளையும். தீயோரிடத்தும் நடுநிலை கொள்க என்று கற்பித்த ஆசானின் நெறிக்கு இது ஒத்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அழிந்ததும் நிலைத்ததும்

விக்கிரம ஆண்டு 1229-இல், தம் 84-ஆம் வயதில், உண்ணாநோன்பேற்று ஹேமசந்திரர் உடலை நீத்தார். ஆசானைப் பிரிந்த மன்னரும் நெடுநாள் வாழவில்லை. அடுத்து வந்த அஜயபாலர் சமண அறத்திற்குப் பகைவரானார். ஆசாரியரின் தலைமாணாக்கரும் நாடகப் புலவருமான ராமசந்திரர், அவருடைய ஆணையால் கொடிய முறையில் உயிரிழந்தார் என்று வரலாறுகள் கூறுகின்றன. முப்பதாண்டுக் காலம் அரண்மனையில் கட்டி எழுப்பப்பட்ட செல்வாக்கு ஒரே தலைமுறையில் சரிந்தது.

ஆணைகள் அழிந்தன, ஆனால் நூல் அழியவில்லை. சுவடி சுவடியாகப் படியெடுக்கப்பட்டு உபாசிரயங்களிலும் இல்லங்களிலும் அது பயிலப்பட்டது. கி.பி. 1874-இல் விண்டிஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதன் முதல் நான்கு இயல்களை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். 2002-இல் நூல் முழுவதும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மன்னரின் கோலால் நிறுத்த முயன்றது நில்லாமல் போயிற்று. ஒரு மாணவனின் அன்றாட ஓதலுக்கென எழுதப்பட்டது எட்டு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

அன்பர்களே! நம் பிள்ளைகட்குப் பஞ்ச நமஸ்காரத்தைக் கற்பிக்கும்போது, அதன் ஒலியோடு நிறுத்திக் கொள்ளலாகாது. அன்றைய நாளில் ஒரு பொய்யைத் தவிர்த்ததும், ஓர் உயிரைக் காத்ததும், ஒரு சினத்தை விழுங்கியதும் அம்மந்திரத்தின் உறுப்புகளே என்று சேர்த்துக் கற்பிப்போம். கற்பிக்கும் நாம் அவ்வாறு நடப்போமாயின், ஆசாரியர் கண்ட நெறி நம் இல்லத்திலும் தழைக்கும்.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!